திருகோணமலையில நடக்கிற பேய் வேட்டை நாவல்: வேட்டைக்காரன்ர கையில என்ன இருக்க வேணும்?

கோட்டைமான் (இழை தொடங்கினவர்)

எல்லாருக்கும் வணக்கம். மூண்டு வருசமா ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறன். இருண்ட மாயப்புனைவு வகை. பேய் வேட்டையாடுற ஒருத்தன்ர கதை. 14 அத்தியாயம் முடிஞ்சு போன மாசம் அப்பிடியே நிண்டுபோச்சு. அதுக்குத்தான் உங்களிட்ட வாறன்.

கதை நடக்கிறது எங்கட ஊரில. 1624 இல போர்த்துக்கேயர் சுவாமிமலைக் கோணேசர் கோயில இடிச்சு, அந்தக் கல்லை எடுத்தே கோட்டையக் கட்டினவங்கள். 1639 இல ஒல்லாந்தர் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோட சேர்ந்து வந்து அந்தக் கோட்டையப் பிடிச்சவங்கள். நடுவில ஒரு 15 வருசம் கிடக்கு. கோயில் இல்லாத மலை, கோயில் கல்லில கட்டின கோட்டை, கீழ கடல். அந்த 15 வருசத்துக்குள்ளதான் என்ர கதை.

நாயகன் செம்பன், சங்கு குளிக்கிற சுழியோடி. கோயில் விழுந்த பிறகு கடலுக்குள்ள இருந்து ஒவ்வொண்டா மேல வருது. இடிஞ்ச கோயில்ர மணியை உருக்கி அடிச்ச வாளால செம்பன் அதுகளை வெட்டுறான். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு பேய். வெட்டினவுடன புகையாப் போயிடும்.

14 பேயும் ஒரே மாதிரித்தான் செத்திருக்கு எண்டது திருப்பி வாசிக்கேக்க தெரிஞ்சுது. கூட்டாளி ஒருத்தன்ர அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். கடைசி வரைக்கும் கேட்டிட்டு, "வெட்டினாப் பிறகு அது எங்க போகும் தம்பி?" எண்டு கேட்டா. என்னட்டப் பதில் இருக்கேல்ல. அந்தக் கேள்வியோட எழுத்து நிண்டுபோச்சு.

எங்கட ஊரில வளர்ந்த ஒரு பேய் வேட்டைக்காரன் உண்மையில என்ன செய்வான்? கையில என்ன வைச்சிருப்பான்? அவனுக்கு என்ன கட்டுப்பாடு இருக்கும்? தெரிஞ்சதச் சொல்லுங்கோ. 14 அத்தியாயத்தையும் கோப்பாக் கீழ இணைச்சிருக்கிறன்.

---

வெருகலாறு

ரெண்டு இரவில வாசிச்சு முடிச்சன். மணியை உருக்கின வாளை எக்காரணம் கொண்டும் எடுத்துப்போடாதேங்கோ. அது வெட்டேக்க மணிச்சத்தம் கேக்குதெண்டு எழுதியிருக்கிறீங்களே, 6 ஆம் அத்தியாயத்தில, அந்த இடத்தில புத்தகத்தை மூடி வைச்சிட்டு யன்னலைச் சாத்தினன். வேட்டைக் கதை எண்டா வேட்டை இருக்க வேணும். வாசகன் அதுக்குத்தான் வாறான்.

---

தம்பலகாமத்தாள்

தம்பி, நான் கண்ட ஒண்டைச் சொல்லுறன். எனக்கு அப்ப ஒன்பது வயசு.

பக்கத்து வீட்டு அக்கா வயலுக்குச் சோறு கொண்டுபோனவ. உச்சிப்பொழுதில குளக்கட்டால திரும்பி வந்து, வந்த கையோட திண்ணையில சுருண்டு படுத்திட்டா. மூண்டு நாள் ஒரு வாய் தண்ணி இறங்கேல்ல. கண் திறந்தபடி இருக்கு, ஆனா ஆரையும் பாக்கேல்ல. மருந்து குடுத்துப் பாத்து, கடைசியில ஒரு பூசாரியாரைக் கூட்டி வந்திச்சினம்.

நீங்கள் எழுதின மாதிரி வாள் ஒண்டும் இல்ல. ஒரு சுளகு, வேப்பங்கொத்து, ஏழு தேசிக்காய், தணல்ச் சட்டியில குங்கிலியம். அக்காவைக் கிழக்குப் பாத்து இருத்தினார். பெரிய சத்தம் கூடப் போடேல்ல. முதல் கேள்வி, "ஆர் நீ?" அடுத்தது, "எங்கயிருந்து வாறாய்?" மூண்டாவது, "உனக்கு என்ன வேணும்?" இந்த மூண்டையும் மாறி மாறி, ஒரு வீட்டு வாசலில நிக்கிற விருந்தாளியக் கேக்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டே இருந்தார். அரை ராத்திரி தாண்டி அக்கா வாய் திறந்தா. அது அவவின்ர குரலில்ல. தொண்டை காஞ்சு வெடிச்ச ஒரு குரல். "பசிக்குது" எண்டுது.

என்ன வேணும்? பொரிச்ச விராலும் ஒரு சிவத்தச் சீலையும்.

வெள்ளிக்கிழமை பொழுதுபடச் சுளகில வாழையிலை விரிச்சு, சோறு, பொரிச்ச விரால், அவிச்ச முட்டை, பொரி, செவ்வரத்தம்பூ, அந்தச் சீலை எல்லாம் வைச்சு முச்சந்திக்குக் கொண்டுபோச்சினம். கழிப்புக் கழிச்சிட்டு வரேக்க திரும்பிப் பாக்கக் கூடாது. சுளகைக் கொண்டுபோனது என்ர மாமா. அவர் திரும்பி வாறதை நான் வேலிப் பொட்டுக்குள்ளால பாத்துக்கொண்டு நிண்டன். முகம் இருட்டில தெரியேல்ல. கால்தான் தெரிஞ்சுது. ஒவ்வொரு அடிக்கும் கால்விரல் அஞ்சும் மணலைக் கவ்விப் பிடிச்சு, பிறகுதான் அடுத்த கால் எழும்பும். எனக்கு இண்டைக்கும் பயமெண்டா அந்தக் கால்விரல்தான்.

விடிய அக்கா கஞ்சி கேட்டா.

ஆனா கதை அதோட முடியேல்ல. வருசா வருசம் புது நெல் வெட்ட முதல் ஒரு படையல் வைக்கிறதெண்டு அந்தக் குடும்பம் ஒப்புக்கொண்டது. நாங்கள் இடம்பெயர்ந்து முகாமில இருந்த வருசம் வயலும் இல்ல, விராலும் இல்ல. அக்காவின்ர அம்மா நிவாரணச் சோத்தில ஒரு பிடியும் ரின் மீனில ஒரு துண்டும் எடுத்து, அந்த ரின் மூடியிலயே வைச்சு, பொழுதுபடப் புளியமரத்தடிக்குக் கொண்டுபோனா. பிள்ளையளுக்கே காணாத சோறு அது. ஆரும் அவவைத் தடுக்கேல்ல.

உங்கட செம்பன் வெட்டிப்போட்டு வீட்ட போறான். அதோட அவன்ர பாடு முடிஞ்சுது. எங்கட ஆக்கள் வாக்குக் குடுத்திட்டுத்தான் வீட்ட வந்தவை.

இன்னொண்டும் சொல்ல வேணும். பேய் பிடிச்சிருக்கெண்டு சொல்லிப் பிள்ளையளைப் பிரம்பால அடிக்கிற ஆக்களும் இருக்கினம். அது கொடுமை. கதையிலயும் அதை வீரமாக் காட்டிப்போடாதேங்கோ.

---

கோட்டைமான்

அக்கா, இதை நாலு தரம் வாசிச்சிட்டன். "ஆர் நீ, எங்கயிருந்து வாறாய், என்ன வேணும்." என்ர 14 அத்தியாயத்தில ஒரு பேயிட்டயும் ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல. அநேகமான பேய்களுக்குப் பேர் கூட இல்ல.

---

நிலாவெளி ரீச்சர்

நான் தமிழ் படிப்பிக்கிறனான், அதனால முதலில சொல்லில இருந்து தொடங்கிறன். உங்கட கோப்பில பேய், பிசாசு, அரக்கன், பூதம், சாத்தான் எல்லாம் ஒரே பொருளில வருது. அது வேற வேற ஆக்கள்.

3 ஆம் அத்தியாயத்தில பிள்ளைப்பேத்து வீட்டுக் கூரையில வந்து குந்துறதுக்கு "சாத்தான்" எண்டு எழுதியிருக்கிறீங்கள். அதுக்கு எங்களிட்டச் சொந்தப் பேர் இருக்கு: கொத்தி. பிள்ளைப்பேறு நேரம் கொத்தி வருமெண்டு பயந்த அதே பெண்கள்தான் அதைக் கொத்தியாத்தை எண்டு மரியாதையாக் கூப்பிட்டுப் படைச்சு அனுப்பினவை. பயமும் "ஆத்தை"யும் ஒரே சொல்லுக்குள்ள இருக்கு. அந்த ஒரு சொல்லை மாத்தினாலே உங்கட அத்தியாயம் வேற அத்தியாயமாகும்.

பேய் எண்டு வந்தா, பழைய பரணிகளில வாற பேய்கள் முதலில பசிச்ச சீவன்கள். எலும்பும் தோலுமா, வயிறு முதுகோட ஒட்டினதுகள். காளிக்கு முன்னால நிண்டு பசியத்தான் முறையிடும். போர் முடிஞ்ச களத்தில கூழ் காச்சும். பேய் எண்டவுடன கொலைவெறி எண்டு யோசிக்கிறதை விட்டிட்டு, பசி எண்டு யோசிச்சுப் பாருங்கோ. தம்பலகாமத்து அக்கா சொன்ன குரலும் அதைத்தானே சொன்னது? காரைக்கால் அம்மையார் தானாக் கேட்டுப் பேயுருவம் வாங்கினவ. வற்றின மார்பு, குழிஞ்ச வயிறு, நீண்ட கணைக்கால் எண்டு அந்த உருவத்தை அவவே பாடியிருக்கிறா. பேயாகிறதை வரமாக் கேட்ட ஒரு பெண்ணை நாங்கள் கோயிலில வைச்சுக் கும்பிடுறம். அந்த ஒரு பெண்ணை விளங்கிக்கொண்டாலே உங்கட பேய்கள் வேற மாதிரி நடக்கும்.

பூதம் காவல்காரன். பூம்புகார்ச் சதுக்கத்தில இருந்த பூதத்துக்குத் தீனி கண்டவை எல்லாம் இல்ல. பொய்த்தவம் செய்யிறவை, அரசனுக்குத் துரோகம் செய்யிற அமைச்சர், பிறன்மனை நாடுறவை, பொய்ச்சாட்சி சொல்லுறவை, புறங்கூறுறவை எண்டு கணக்கு வைச்சுத்தான் பிடிச்சுத் தின்னும். ஊரே அதுக்குப் பயம், ஆனா ஊருக்கு அது வேணும்.

அரக்கன் எண்ட சொல்லோட மட்டும் திருகோணமலையில கவனமா இருங்கோ. 11 ஆம் அத்தியாயத்தில இராவணன்ர நிழலைச் செம்பன் வெட்டுறான். சுவாமிமலைப் பிளவுக்கு இராவணன் வெட்டு எண்டு பேர். கன்னியாவில ஏழு வெந்நீர்க் கிணறும் தாயின்ர கிரியைக்காக அவன் உண்டாக்கினது எண்டுதான் ஊர்க்கதை. இண்டைக்கும் எங்கட சனம் அங்க போய்த்தான் அந்தியேட்டி செய்யுது. தாய்க்குக் கடன் தீர்த்த பிள்ளையா நாங்கள் நினைக்கிற ஒருத்தனை, எங்கட ஊர் நாவலில ஒரு சங்கு குளிக்கிற பெடியன் வெட்டுறது எனக்கு மனசுக்குச் சரியாப் படேல்ல.

இனி வேட்டை. தமிழன் வருசா வருசம் தெருவில நடத்திக் காட்டுற பேய் வேட்டை ஒண்டு இருக்கு. சூரன் போர். கந்தசட்டி ஆறாம் நாள், ஐப்பசி மழை தூறிக்கொண்டிருக்கும். சூரனைத் தோளில தூக்கின பெடியள் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடி ஓடி ஆட்டுவாங்கள். யானைத் தலையக் கழட்டிச் சிங்கத் தலை, அதையும் கழட்டிச் சூரன்ர சொந்தத் தலை. தலை மாத்திற நேரம் ஒரு கணம் அந்த உடம்பு கழுத்தோட வெறுமனே நிக்கும், பாத்திருப்பீங்கள். நான் சின்னனில அந்தக் கணத்துக்குத்தான் கண்ணை மூடுறது. கடைசியில மாங்கொப்பு வரும். வேல் பிளக்கும். பிறகு? சூரன் செத்தானா? ஒரு பாதி மயில், மறு பாதி சேவல். ஒண்டு வாகனம், மற்றது கொடி. இவ்வளவு பெரிய போர் செய்து பிடிச்ச எதிரிக்கு முருகன் வேலை குடுத்து வைச்சுக்கொண்டார்.

கூட்டாளியின்ர அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் அந்தத் தெருவிலயே இருக்கு.

---

வெருகலாறு

ரீச்சர், நீங்கள் சொல்லுறது எல்லாம் சரி. ஆனா எனக்கு ஒரு பயம் இருக்கு. பேயோட பேரம் பேசலாமெண்டு வாசகனுக்குத் தெரிஞ்சா அவன் பிறகு பயப்பிட மாட்டான். கேட்டதைக் குடுத்தாப் போயிடும் எண்டா அது கடைக்கார முதலாளிதான். இருண்ட கதைக்கு இருட்டு வேணும். 6 ஆம் அத்தியாயம் எனக்கு ஏன் வேலை செய்தது? அங்க வாறது என்ன கேட்டாலும் நிக்காது எண்டதாலதான்.

இருட்டு எண்டவுடன இன்னொண்டு, கோட்டைமான். உங்கட 14 பேயும் இரவிலதான் வருது. அது வெளியில இருந்து வந்த பழக்கம். எங்கட அப்பாச்சி இரவில வெளிய போக விட்டவ. விடாத நேரம் உச்சிப்பொழுது. நிழல் காலுக்குள்ள ஒடுங்கிற நேரம் ஆத்தங்கரைக்குப் போகாத எண்டுதான் சொல்லுவா. பொரிச்ச மீனோட தனியப் போகாத, தலைமயிரை விரிச்சுப்போட்டுப் போகாத. வெயில் கொளுத்திற, எல்லாம் வெளிச்சமாத் தெரியிற நேரத்தில ஒண்டு வந்து நிண்டா ஒளிய இருட்டுக் கூட இல்ல. அந்தப் பயத்தை எழுதுங்கோ.

---

கடலோரம்

நான் இங்க எழுதிறது குறைவு. 9 ஆம் அத்தியாயம் வாசிச்சன். கடல் பொங்கி ஊருக்குள்ள வருது, செத்த சனம் ஈர உடுப்போட திரும்பி வந்து கதவைத் தட்டுது, செம்பன் அவையை ஒவ்வொருத்தரா வெட்டுறான்.

நீங்கள் நல்லா எழுதுறீங்கள். அதாலதான் என்னால அதைத் தாண்டிப் போக முடியேல்ல. 2004 மார்கழி 26 இல எங்கட வீட்டில இருந்து போனவை மூண்டு பேர். ஒருத்தரைக் கிடைக்கேல்ல. அவர் ஒரு இரவு கதவைத் தட்ட மாட்டாரா எண்டு நான் எத்தினை வருசம் படுத்திருந்திருப்பன் எண்டு உங்களுக்குத் தெரியாது. தட்டினா நான் திறப்பன். எந்தக் கோலத்தில வந்தாலும் திறப்பன்.

தயவுசெய்து அவையை வெட்ட விடாதேங்கோ.

---

கோட்டைமான்

உங்கட பதிவை நேற்றுப் பின்னேரம் வாசிச்சன். உடன எழுத ஏலாமல் போச்சு. கோட்டைக்குள்ளால மேல நடந்து போனன். வாசலடியில மான் ரெண்டு படுத்திருந்துது. மலை உச்சியில இருந்து கடலைப் பாத்துக்கொண்டு இருந்தன்.

அந்த அத்தியாயத்தைக் கோப்பில இருந்து எடுத்திட்டன். எழுதேக்க நான் அலையையும் ஈர உடுப்பையும் பயங்கரமான காட்சி எண்டு மட்டுந்தான் யோசிச்சன். இந்த ஊரில அதை வாசிக்கப் போற ஆக்கள் ஆர் எண்டு யோசிக்கேல்ல. பிழை என்னிலதான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

---

கிண்ணியா வாசகி

இந்த இடத்தில ஒண்டு சொல்லலாமெண்டு நினைக்கிறன். எங்கட நம்பிக்கையில மௌத்தானவங்க ஜின்னா வாறதில்ல. ஜின் எண்டது வேற படைப்பு. மனிசன் மண்ணால, ஜின் புகையில்லாத நெருப்பால. அதுகளுக்குள்ளயும் நல்லது கெட்டது இருக்கி, ஈமான் கொண்டது கொள்ளாதது இருக்கி. என்ட உம்மம்மா பாழ்கிணத்துக்க வாளி விடக்குள்ள கூட பிஸ்மி சொல்லித்தான் விடுவாங்க, அங்கன இருக்கிறதுக்கு அடி பட்டிரும் எண்டு.

கோட்டைமான் தம்பி, உங்கட கதையில கடலால வாறது இறந்த சனமாவே இருக்க வேணாம். வேற ஒரு படைப்பா இருக்கட்டும். அப்ப கடலோரம் தாத்தாக்கும் நெஞ்சு வலிக்காது.

ரீச்சர் சொன்ன சூரன் விசயத்தை வாசிக்கக்குள்ள எனக்கு சுலைமான் நபிட கதை ஞாபகம் வந்திச்சி. அல்லாஹ் ஜின்களை அவங்களுக்கு வசப்படுத்திக் குடுத்தான். அதுகள் அவங்களுக்காகக் கட்டிடம் கட்டிச்சி, குளம் மாதிரிப் பெரிய பாத்திரம் செஞ்சிச்சி. நபி கைத்தடில சாஞ்சபடியே மௌத்தாகிட்டாங்க. ஜின்களுக்கு அது தெரியல்ல. அவங்க பாத்துக்கிட்டு நிக்கிறாங்க எண்டு நினைச்சி கஷ்டமான வேலையைச் செஞ்சிக்கிட்டே இருந்திச்சி. மண்ணுல உள்ள ஒரு சின்னப் பூச்சி அந்தத் தடியை அரிச்சி, உடம்பு விழுந்த பொறகுதான் விளங்கிச்சி.

நபிமாரைக் கதாபாத்திரமா வைக்கிறதை நாங்க விரும்புறதில்ல, அதைச் செய்யாதீங்க. ஆனா அந்த நினைப்பை வைச்சி யோசிச்சிப் பாருங்க. பேயை வசப்படுத்தி வைச்சிருக்கிறவன் ஒருநாள் சாவானே? அண்டைக்கு அதுகள் என்ன செய்யும்? வெருகலாறு நானாவுக்குப் பயம் வேணுமெண்டா அங்கதான் இருக்கி.

---

வெருகலாறு

இதை வாசிச்ச பிறகு ரெண்டு நாளா அதே யோசனை. பேரம் பேசினாப் பயம் போயிடும் எண்டு நான் சொன்னதை அரைவாசி திரும்ப எடுக்கிறன்.

---

பாகம் ஏழு

கடலுக்குள்ள போறவன் எண்ட முறையில சில திருத்தம்.

சுவாமிமலை அடியில நான் குளிச்சிருக்கிறன். கீழ செதுக்கின கல் கிடக்கு, தூண் துண்டுகள் கிடக்கு. இயற்கைக் கல்லுக்கு நேர்க்கோடு இருக்காது. பாசி மூடின பாறைக்கூட்டத்துக்க திடீரெண்டு ஒரு நேரான விளிம்பு கைக்குத் தட்டுப்படும் பாருங்கோ, அப்ப உடம்பு ஒருக்கா உதறும். ஆரோ ஒருத்தன்ர உளி பட்ட இடம் அது. நான் ஒவ்வொரு முறையும் அதில ஒருக்காக் கையை வைச்சிட்டுத்தான் மேல வாறது.

செம்பன் மாரியில குளிக்கிற மாதிரி எழுதியிருக்கிறீங்கள். வாடைக்காத்து நேரம் அங்க கிட்டப் போகேலாது, அலை கல்லோட சேத்து அடிச்சுப்போடும். தண்ணியும் கலங்கல். சித்திரையில இருந்து புரட்டாதி வரைக்குந்தான் தெளிவு. ரெண்டாவது, சங்கு மணல் தரையிலதான் கிடக்கும், பாறையில தேடாதேங்கோ. மூண்டாவது, மூச்சடக்கிக் கீழ போறவன் வாள் கொண்டு போக மாட்டான். இடுப்பில கல்லும் கயிறும், கையில பை. கீழ நீங்கள் எதையும் வீசி வெட்டேலாது, தண்ணி கையைப் பிடிக்கும்.

பேய் எங்கயிருந்து வருது எண்டதுக்கு இடம் வேணுமெண்டா, கொட்டியாரக்குடாவுக்கு வெளிய கடலடியில பெரிய பள்ளத்தாக்கு ஒண்டு இருக்கு. போகப் போக 3000 மீற்றருக்கு மேல ஆழம். கரைக்குக் கிட்டவே அவ்வளவு ஆழமாப் போறதாலதான் எங்கட பக்கம் திமிங்கிலம் தெரியிறது. இரவு வள்ளத்தில இருக்கேக்க பக்கத்தில ஒரு திமிங்கிலம் மூச்சு விட்டால், ஆளைக் காணாமல் அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டால், பேய்க் கதை எழுத வேற ஒண்டும் தேவையில்ல.

---

நிலாவெளி ரீச்சர்

பாகம் ஏழு சொன்ன உளி பட்ட விளிம்பு என்னை வேற ஒரு பக்கம் யோசிக்க வைச்சிட்டுது.

கோட்டைமான், உங்கட கதையில ஒரு பாதிரியார் வாறார், நல்ல பாத்திரம். அவர் கண்ணுக்குக் கோயில் வாசலில நிண்ட பூதம் என்ன? பிசாசு. ஊர்ச்சனத்தின்ர கண்ணுக்கு அதே உருவம் காவல்காரன். ஒருநாளில கோயில் விழுந்தது. தூணும் கல்லும் கடலுக்குள்ள போச்சு. சில விக்கிரகங்களைச் சனம் மண்ணுக்குள்ள புதைச்சுக் காப்பாத்தினது, அதில சிலது 1950 இலதான் திரும்ப வெளிய வந்தது, 1963 இல கும்பாபிசேகம் நடந்தது. இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். வாசல் பூதங்களை ஆர் காப்பாத்தினது? காவல் காக்க வாசல் இல்லாத காவல்காரன் 15 வருசம் கடலுக்கடியில இருந்தா என்னவாகும்?

உங்கட 14 பேயும் ஆரெண்டு எனக்கு இப்ப விளங்குது எண்டு நினைக்கிறன். உங்களுக்கும் விளங்கும்.

கோட்டை வாசலில ரெண்டு கயல் பொறிச்ச கல் இருக்கெல்லோ, குளக்கோட்டன் எண்ட பழைய அரசன் செய்த கோயில் திருப்பணியைப் பின்னால பறங்கி பிரிப்பான் எண்ட கல்வெட்டோட. அதோட சேத்துச் சனம் சொல்லுற பாட்டில பூனைக்கண், செங்கண், புகைக்கண் எண்டு ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வாற ஆட்சிகளைச் சொல்லும். ஆளின்ர கண்ணை வைச்சு அந்நியனை அடையாளம் சொன்ன சனம் நாங்கள். அப்ப கடலால வந்து நிக்கிற பூதத்துக்கு என்ன கண்? அதையும் யோசியுங்கோ.

---

கோட்டைமான்

ரீச்சர், உங்கட பதிவைக் கண்டது விடிய அஞ்சு மணிக்கு. எட்டு மணி வரைக்கும் எழும்பேல்ல.

முடிவு எடுத்திட்டன். 14 அத்தியாயத்தையும் திருப்பி எழுதுறன். கடலால வாறது கோயில்ர பழைய காவல்கள். செம்பனிட்ட வாள் இருக்கும், ஆனா அதைத் திருப்பி மணியாக்கிறதுதான் கதையின்ர ஓட்டம். வெருகலாறு, உங்கட மணிச்சத்தம் போகாது. இராவணன் அத்தியாயம் முழுக்கப் போகுது. கொத்திக்குத் தனி அத்தியாயம், மருத்துவிச்சிக் கிழவி ஒருத்தியோட. கடைசி அத்தியாயத்துக்குக் கிண்ணியா வாசகி தந்த கேள்வியைக் கையில வைச்சிருக்கிறன். 1639 இல ஒல்லாந்தர் கப்பல் வரேக்க செம்பன் உயிரோட இருக்க மாட்டான்.

புது முதல் அத்தியாயத்தில இருந்து ஒரு துண்டு:

*சூரியன் உச்சந்தலைக்கு வந்திருந்தது. செம்பனின் நிழல் காலுக்குள் ஒடுங்கிக் கிடந்தது. மனைவி தண்ணீருக்குப் போய் நேரமாயிற்று. அவன் வலையைப் பிரித்துப் போட்டுவிட்டுத் தலை நிமிர்ந்தபோது அது பாறையின் மேல் உட்கார்ந்திருந்தது.*

*குள்ளமான உருவம். பெருவயிறு. தோளெல்லாம் பாசி. வெயில் பட்டுப் பாசி காய்ந்து சுருண்டுகொண்டிருக்கும் சத்தம் அவனுக்குக் கேட்டது. கண் இருக்கவேண்டிய இடத்தில் உளி பட்ட இரண்டு குழி. அதற்குள் கடல்நீர் தேங்கி நின்றது.*

*ஓடுவதற்குக் கால் வரவில்லை. கிழவி சொல்லித் தந்தது மட்டும் வாய்க்கு வந்தது.*

*"ஆர் நீ?"*

*அது வாயைத் திறந்தது. உதட்டை மூடி ஒட்டியிருந்த சிப்பிகள் ஒவ்வொன்றாக உடைந்து மணலில் விழுந்தன.*

*"வாசல் காத்தவன்."*

*"எங்கயிருந்து வாறாய்?"*

*"நான் போகேல்ல. வாசல்தான் போனது."*

*மூன்றாவது கேள்வியைக் கேட்கக் கூடாது என்று அவனுடைய உடம்பு முழுவதும் சொன்னது. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் கொடுக்க வேண்டும். ஆனால் இரண்டைக் கேட்டவன் மூன்றையும் கேட்டாக வேண்டும்.*

*"உனக்கு என்ன வேணும்?"*

*குழிகளுக்குள் தேங்கியிருந்த நீர் அசைந்தது. அது அவனைத் தாண்டி, பனைகளுக்கு அப்பால், அவனுடைய குடிசை இருந்த பக்கம் பார்த்தது.*

*"உன்ர வீட்டுக்கு வாசல் இருக்கா?"*

---

தம்பலகாமத்தாள்

தம்பி, மூண்டாவது கேள்விக்கு முன்னால அவன் தயங்குறானே. மாமாவின்ர கால்விரல் அதுக்குள்ள இருக்கு. சந்தோசம்.

---

வெருகலாறு

"தண்ணீருக்குப் போய் நேரமாயிற்று" எண்டதைத் திரும்பப் போய் வாசிச்சன். அந்தக் காவல்காரன் வாசலில இருந்தா, மனுசி குடத்தோட திரும்பி வரேக்க அவவை உள்ள விடுவானா? நீங்கள் அதை எழுதேல்ல, ஆனா எனக்குத் தெரியுது. யன்னலைச் சாத்தினன்.

ஒரு குறை மட்டும்: "பெருவயிறு" எண்டதோட நிப்பாட்டாமல் கை காலையும் ஒருக்காக் காட்டுங்கோ. பாறையில குந்தியிருக்கிறவன்ர பாதம் நிலத்தில பட்டிருக்கா இல்லையா எண்டு எங்கட வாசகர் தேடுவினம்.

---

பாகம் ஏழு

சிப்பி சரி. அந்த ஆழத்தில அப்பிடித்தான் ஒட்டும்.

---

கோட்டைமான்

கடலோரம், 9 ஆம் அத்தியாயத்துக்குப் பதிலா ஒண்டு எழுதித் தனிமடலில போட்டிருக்கிறன். அதில ஆரும் கதவைத் தட்டேல்ல, ஆரையும் வெட்டேல்ல. வைகாசி மாசம். ஒரு தாய் ஒவ்வொரு நாளும் பொழுதுபடக் கரையில ஒரு விளக்குக் கொளுத்தி வைக்கிறா. கடலால வந்த காவல் ஒண்டு அந்த விளக்குக்குப் பக்கத்தில இருந்து காவல் காக்குது. அவ்வளவுதான் அத்தியாயம். நீங்கள் வாசிச்சு வேண்டாமெண்டா அதையும் எடுத்திடுவன்.

---

கடலோரம்

வாசிச்சன். எடுக்க வேண்டாம்.

வைகாசியில கச்சான் காத்து தரையில இருந்து கடலுக்கு அடிக்கும். வெறும் மணலில வைச்ச விளக்கு ஒரு நிமிசம் நிக்காது. நான் வைச்சுப் பாத்திருக்கிறன். சிரட்டைக்குள்ள வைச்சு, திறந்த பக்கம் கடலைப் பாத்தபடி இருக்க, பின்னால மணலை அணைச்சுவிட வேணும். அப்பிடி வைச்சா விடியும் வரைக்கும் எரியும்.